65 நிமிட இணைப்பு போதுமா?

பிராக் செல்வதற்குப் பயணச்சீட்டு தேடியபோது இரண்டு வழிகள் கிடைத்தன. இரண்டிலும் பிராங்க்பர்ட்டில் விமானம் மாற வேண்டும். ஒன்றில் இடைவெளி 65 நிமிடம், மற்றொன்றில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கட்டணத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லாததால், நேரத்தை மட்டுமே வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்தது.

65 நிமிடமும் நம் கைக்கு வந்துவிடாது. சீட்டில் உள்ள வருகை நேரம் என்பது விமானம் தனக்குரிய இடத்தில் வந்து நிற்கும் நேரம். பெரிய விமானத்தின் பின்வரிசையில் அமர்ந்தவர், மேலடுக்கிலிருந்து பெட்டிகளை இறக்கும் கூட்டத்தைத் தாண்டி வெளியே வரக் கால் மணி நேரமாவது ஆகும். புறப்படும் நேரம் என்பதும் விமானம் நகரத் தொடங்கும் நேரம்தான். அதற்குச் சுமார் 15, 20 நிமிடங்களுக்கு முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். ஆக, நடக்கவும் வரிசைகளில் நிற்கவும் எனக்கு மிஞ்சியது அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும்.

விமான நிலையங்களுக்கென்று குறைந்தபட்ச இணைப்பு நேரம் வகுக்கப்பட்டிருக்கிறது. பிராங்க்பர்ட்டுக்குப் பொதுவாக 45 நிமிடம், கச்சிதமான வியன்னாவுக்கு 25 நிமிடம். அதற்கும் குறைவான இணைப்பை ஒரே சீட்டாக முன்பதிவு அமைப்பு விற்காது என்பதால், விற்கிறார்கள் என்றாலே போதும் என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் முடியும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். தாமதத்துக்கு அதில் அதிக இடமில்லை. 14 நிமிடம் பிந்தி வரும் விமானத்தையும் இத்துறையின் வழக்கமான கணக்கில் 'சரியான நேரம்' என்றே குறித்துக்கொள்வார்கள்.

இடையில் கடக்க வேண்டிய சோதனைகளே நேரத்தைத் தின்கின்றன. தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பான ஷெங்கன் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர் பிராக்குக்குப் போவதானாலும், கடவுச்சீட்டுச் சோதனையை முதலில் இறங்கும் பிராங்க்பர்ட்டிலேயே முடிக்க வேண்டும். பெரும்பாலும் கைப்பையையும் மறுபடி சோதனைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய பதிவு முறையில், பிற நாட்டவர்களின் கைரேகையும் முகப்படமும் எடுக்கப்படுவதால் வரிசையின் நீளத்தை ஊகிப்பது இன்னும் கடினம். அமெரிக்காவில் நிலைமை வேறு: அங்கே வேறொரு நாட்டுக்கு விமானம் மாறுபவரும் பொதுவாகக் குடியேற்றச் சோதனையைக் கடந்தாக வேண்டும், பதிவு செய்த பெட்டியையும் வழக்கமாகத் தாமே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அங்கே இரண்டு மணி நேரத்தைக்கூட நான் குறைவாகவே கருதுவேன். சிங்கப்பூரிலோ முதல் மூன்று முனையங்களுக்கிடையே குடியேற்றச் சோதனையே இல்லாமல் ரயிலில் மாறிக்கொள்ளலாம். அங்கே ஒரு மணி நேரம் எனக்குத் தாராளம்.

இவ்வளவும் தெரிந்தே 65 நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தேன். முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருந்தது. முதல் விமானத்தின் தாமதத்தால் இணைப்பைத் தவறவிட்டால், அடுத்ததில் இடம் தேடித் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. அன்றைக்கே பிராக்குக்கு வேறு விமானங்களும் இருந்தன. நாளின் கடைசி விமானமாக இருந்திருந்தால் யோசித்திருக்க மாட்டேன், நான்கு மணி நேரத்தையே எடுத்திருப்பேன். முன்வரிசையில் இருக்கை போட்டுக்கொண்டு, கைப்பை மட்டும் எடுத்துச் சென்றேன்.

விமானம் குறித்த நேரத்தில் இறங்கியும், முனையத்துக்குள் நேராக நடந்து போக உதவும் ஏரோபிரிட்ஜ் இல்லாத ஓரிடத்தில் நின்றது. முதல் ஆளாகப் படியிறங்கிப் பேருந்தில் ஏறியும் பயனில்லை. பேருந்து நிரம்பும்வரை கதவு மூடப்படவில்லை, முன்வரிசைக்குக் கொடுத்த காசு அங்கேயே கரைந்தது. சோதனைகளைத் தாண்டித் திரையைப் பார்த்தால், போர்டிங் பாஸில் அச்சாகியிருந்த கேட் மாறியிருந்தது. வேகமாக நடந்து சேர்ந்தபோது வரிசையில் பத்துப் பதினைந்து பேரே மிச்சம்.

திரும்பும் பயணத்துக்கு இரண்டு தனித்தனிச் சீட்டுகள்தான் மலிவாகக் கிடைத்தன. அதில் முதல் விமானம் எவ்வளவு பிந்தினாலும் இரண்டாம் நிறுவனத்துக்கு நான் வராத பயணிதான், சீட்டும் போய்விடும். அதனால் நிமிடக் கணக்கே பார்க்காமல், நடுவில் ஓர் இரவு தங்கும்படி பதிவு செய்தேன்.