மூணு வெள்ளி பொம்மை

ஞாயித்துக்கிழமை காலைல ஏழரைக்கு லோரோங் குலிட்ல நிக்கலன்னா எனக்கு அந்த வாரமே விடிஞ்ச மாதிரி இருக்காது. வீட்ல எல்லாரும் போர்வைக்குள்ள இருப்பாங்க, நான் மட்டும் ரெண்டு துணிப்பை, ஒரு பழைய பல் பிரஷ், ஈரத்துணி, சில்லறையா ஒரு அம்பது வெள்ளி (எங்க ஊர்ல ரிங்கிட்டை அப்படித்தான் சொல்வோம்) எடுத்துக்கிட்டு கிளம்பிடுவேன். பல் பிரஷ் எதுக்குன்னு கேக்காதீங்க, அழுக்குக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு அங்கயே தேச்சுப் பாத்தாத்தான் விலை பேசவே முடியும்.

பினாங்குக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காக: சிட்டி ஸ்டேடியம் பக்கத்துல காலைல கூடுற பழைய சாமான் சந்தை இது. பாசார் காராட்னும் சொல்வாங்க, துருப்பிடிச்ச சந்தை. பேருக்கேத்த மாதிரிதான் இருக்கும். தரையில தார்ப்பாய் விரிச்சு அதுல ஓடாத கடிகாரம், ரிமோட், கேசட், பழைய காசு, ஒத்தைக் கால் ஷூ, யாரோ வீட்டுக் கல்யாண ஃபோட்டோ ஃபிரேமோட (இதை யார் வாங்குறாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல), இதுக்கெல்லாம் நடுவுல ஒரு பிளாஸ்டிக் பேசின், அதுக்குள்ள சார்ஜர் வயரோட வயரா சிக்கிக்கிட்டு பொம்மைங்க. எங்கப்பா காலத்துல இந்த மாதிரி யாவாரம் ரோப் வாக் பக்கம் நடந்துச்சாம். அப்பா அங்கதான் சைக்கிள் சாமான் வாங்குவாராம். அதனால இந்தக் கிறுக்கு எனக்கு எங்கருந்து வந்துச்சுன்னு அம்மா அடிக்கடி கேக்குறது நியாயமே இல்ல.

ஆரம்பிச்சது ஒரு எட்டு வெள்ளி பார்பில. அஞ்சாறு வருஷம் இருக்கும். வீட்டுக்கு இரும்பு வாணலி தேடித்தான் போனேன், பேசின்ல தலைகீழா ரெண்டு கால் தெரிஞ்சுச்சு. இழுத்தா, உடம்புல துணி இல்ல, முடி தேங்கா நார் மாதிரி, கன்னத்துல நீல பேனா கோடு. திருப்பிப் பாத்தேன். இடுப்புக்குக் கீழ பின்பக்கம் சின்னதா எழுத்து, கடைசி வார்த்தை மலேசியா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா சின்ன வயசுல இந்தப் பொம்மைய நான் தொட்டதே இல்ல, அது அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வர்ற சாமான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நம்ம நாட்டுலயே செஞ்சிருக்காங்க, எனக்குத்தான் எட்டல.

அப்பா லோரி ஓட்டினாரு, அம்மா பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக் ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை. கொம்தார் கட்டடத்துல இருந்த யாவோஹான் பெரிய கடைக்கு மாசத்துக்கு ஒரு தடவை போவோம், வாங்க இல்ல, ஏர்கோண்ட்ல நடக்க. பொம்மை செக்ஷன்ல அம்மா நடையை வேகமாக்கிடுவாங்க, என் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு. கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருந்த பெரியம்மா மகக்கிட்ட ஒரு பார்பி இருந்துச்சு, கால் வரைக்கும் முடி. அது 1992ல வந்த டோட்டலி ஹேர் பார்பின்னும், உலகம் பூரா ஒரு கோடிக்கு மேல வித்ததுன்னும் இப்பத்தான் தெரியும். அப்ப தெரிஞ்சது ஒண்ணுதான், அக்கா சீவுவா, நான் பக்கத்துல உக்காந்து சீப்பு எடுத்துக் குடுப்பேன். அதுவும் அவ கேட்டா மட்டும்.

அந்த அக்காவுக்கு நாப்பத்தஞ்சு தாண்டிடுச்சு. போன தீபாவளிக்கு அந்தப் பொம்மை எங்கன்னு கேட்டேன். "எந்தப் பொம்மைடி?"ன்னா. அந்த முடியோட நீளம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, அவளுக்கு பொம்மையே ஞாபகம் இல்ல!

சரி, வாங்க ஆரம்பிச்சவங்க எல்லாரும் ஏமாறுற ஒரு இடம் இருக்கு, நானும் ஏமாந்தேன், அதை எழுதிடுறேன். பார்பி முதுகுப் பக்கம் 1966ன்னு போட்டிருக்கும். தலையக் கழட்டிப் பாத்தா உள் விளிம்புல 1976ன்னு இருக்கும். ஆன்லைன்ல ஒருத்தர் "1966 ஆன்டிக், ரொம்ப ரேர்"னு போட்டு முன்னூத்தம்பது வெள்ளி சொன்னாரு, நான் பெரிய சாமர்த்தியசாலி மாதிரி இருநூத்தெண்பதுக்கு இறக்கி வாங்கினேன், வாங்கிட்டு ரெண்டு நாள் தூக்கமே வரல சந்தோஷத்துல. அப்புறந்தான் படிச்சேன், அந்த வருஷம் பொம்மை செஞ்ச வருஷமே இல்ல, அந்த உடம்பு அச்சுக்கு காப்பிரைட் வாங்கின வருஷம். அதே அச்சுல 90கள் வரைக்கும் ஊத்தித் தள்ளியிருக்காங்க. தலைல இருக்கிற 1976ம் அப்படித்தான், அந்த முக அச்சோட வருஷம். முதல் பார்பி 1959ல வந்துச்சு, அதை ஜப்பான்ல செஞ்சாங்க, அதனால மலேசியான்னு எழுத்தைப் பாத்ததுமே அது ஆதிகாலத்துப் பொம்மை இல்லன்னு எனக்குத் தட்டியிருக்கணும். தட்டல. நான் வாங்கினது லோரோங் குலிட்ல பத்து வெள்ளிக்குக் கிடைக்கிற சாதாரண 90கள் பொம்மை. அவருக்கு மெசேஜ் போட்டேன், பிளாக் பண்ணிட்டாரு. அந்தப் பொம்மைய இன்னும் வச்சிருக்கேன், வீட்டுக்காரர் அதுக்கு "இருநூத்தெண்பது"ன்னே பேர் வச்சிட்டாரு. "இருநூத்தெண்பது கீழ விழுந்து கிடக்கு பாரு"ம்பாரு.

பொம்மை வாங்குறதுல பாதி சந்தோஷம்னா மீதி அதைக் கழுவுறதுல. முதல்ல பாத்திரம் கழுவுற சோப்பு, வெதுவெதுன்னு தண்ணி, பிரஷ். முடிய ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கலந்த தண்ணில ராத்திரி பூரா ஊற வச்சு மறுநாள் நுனிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா மேல சீவிக்கிட்டு வரணும், உச்சிலேர்ந்து சீவினா கொத்தாப் பிடுங்கிக்கிட்டு வந்துடும். சிலர் கொதிக்கிற தண்ணிய ஊத்தி முடிய நேராக்குவாங்க, எல்லா முடிக்கும் அது ஒத்துக்காது, சில நார் சூடு பட்டதும் மேகி மீ மாதிரி சுருண்டுக்கும், ஒரு பாவப்பட்ட பொம்மைய அப்படிக் கெடுத்திருக்கேன். தலையக் கழட்டணும்னா சும்மா இழுக்காதீங்க, சூடு தண்ணில கழுத்தைக் கொஞ்ச நேரம் வச்சா ரப்பர் இளகும், அப்பத்தான் உள்ள இருக்கிற குமிழ் உடையாம வரும். பேனா கோடு இருக்கே, அது சோப்புக்கெல்லாம் மசியாது. அதுக்கு ஃபார்மசில பருவுக்கு விக்கிற பென்சாயில் பெராக்சைடு கிரீம். கோட்டு மேல மட்டும் தடவி வெயில்ல வைக்கணும், ஒரு நாள்ல போகாது, நாலஞ்சு நாள் தினம் தடவணும், கண்ணு உதட்டுப் பெயின்ட்ல பட்டுச்சுன்னா அதையும் வெளுக்க வச்சிடும், ஜாக்கிரதை. ஃபார்மசில இருக்கிற பொண்ணு நான் மூணாவது டியூப் வாங்கினப்போ என் மூஞ்சிய உத்துப் பாத்து "அக்கா, உங்களுக்கு பருவே இல்லயே"ன்னுச்சு. பொம்மைக்குன்னு சொல்ல வாய் வரல, மகளுக்குன்னுட்டேன். எனக்கு ரெண்டும் பசங்க.

கால் பிசுபிசுன்னு ஒட்டுற பொம்மையும் நிறைய வரும். அது அழுக்கு இல்ல. பிளாஸ்டிக் மெத்துன்னு இருக்கணும்னு உள்ள ஒரு எண்ணெய் மாதிரி பொருள் சேத்திருப்பாங்க, வயசாக ஆக அது வெளிய கசியுது. கழுவினா கொஞ்ச நாள் நல்லாருக்கும், திரும்ப ஒட்டும், எதுவும் பண்ண முடியாது, பவுடர் போட்டு வச்சிருக்கேன். இன்னொண்ணு, இந்த மாதிரி பொம்மைய கெட்டி பிளாஸ்டிக் டப்பாவுல ஒட்டின மாதிரி போட்டு வருஷக்கணக்கா விட்டா டப்பாவே தொட்ட இடத்துல உருகின மாதிரி ஆயிடும், நடுவுல பருத்தித் துணி வைங்க. நம்ம ஊர் புழுக்கத்துக்கு பூஞ்சை வேற. பிஸ்கட் டின்னுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டை எங்க வீட்ல யாரும் தூக்கிப் போடக்கூடாது, அது சட்டம்.

பேரம் பேசுறதைப் பத்தி. ஒரு பொம்மையப் பிடிச்சுப்போச்சுன்னா அதைக் கைல எடுக்காதீங்க. பக்கத்துல இருக்கிற டார்ச் லைட்டை எடுங்க, அது வேலை செய்யுதான்னு கேளுங்க, அப்புறம் போற போக்குல "இது எவ்ளோ அங்கிள்?"னு காலால காட்டாத குறையா கேக்கணும். பதினஞ்சும்பாரு. "மாஹால் லா அங்கிள், செருப்பு இல்ல, துணி இல்ல, போலே குராங்?" விலை அதிகம், குறைக்க முடியுமான்னு மலாய்ல கேக்குறது. பன்னெண்டும்பாரு. கைல பத்து வெள்ளி நோட்டை எடுத்துக் காட்டணும், வேற நோட்டு தெரியக்கூடாது, அதுக்குத்தான் சில்லறை. அம்பது வெள்ளி நோட்டை நீட்டிக்கிட்டு ரெண்டு வெள்ளி குறைக்கச் சொன்னா எந்த தவுக்கேயும் (கடை முதலாளி) சிரிப்பாரு. ஆனா அஞ்சு வெள்ளி சாமானுக்கு பேரம் பேச மாட்டேன், வெயில்ல மழைல காத்துக் கிடக்கிற மனுஷங்க, அதுல என்ன மிச்சம் பிடிக்கிறது.

கேஎல் போனா வேற மாதிரி. அம்கோர்ப் மோல்ல வார இறுதியில போடுற கடைங்கள்ல பெட்டியோட பொம்மை பாக்கலாம், ஆனா அங்க விக்கிறவங்களுக்கு விலை நல்லாவே தெரியும், நம்ம ஈரத்துணி வித்தையெல்லாம் செல்லாது. எனக்குப் பிடிச்சது ஜாலான் ஜாலான் ஜப்பான் கடை. ஜப்பான்ல புக்ஆஃப் கடைங்கள்ல விக்காமப் போன பழைய சாமானை கண்டெய்னர்ல கொண்டாந்து விக்கிறாங்க, 2016லேர்ந்து இங்க இருக்கு. பேரமே கிடையாது, ஸ்டிக்கர் விலைதான், ஆனா விலை போட்டவங்களுக்குப் பொம்மையப் பத்தித் தெரியாதுங்கிறதுதான் நம்ம அதிர்ஷ்டம். அங்கதான் லிக்காவ முதல் தடவை பாத்தேன். ஜப்பான் பிள்ளைங்களுக்கு பார்பி மாதிரி அவ, தக்காரா கம்பெனி 1967ல கொண்டு வந்துச்சு, பார்பிய விடக் குள்ளம், ஒரு எட்டு இஞ்ச் இருப்பா, வயசு பதினொண்ணுன்னு கணக்கு. குட்டி குட்டி ஷூ, ஸ்கூல் பேக்னு தனித்தனி பிளாஸ்டிக் பையில தொங்கும். ஒரு தடவை அப்படி ஒரு பையில ஒரு மைக்ரோ சைஸ் சோறு குக்கர் கிடைச்சுச்சு, பஸ்ல பினாங்கு வர்ற வரைக்கும் அதைத் திறந்து திறந்து மூடிக்கிட்டே வந்தேன், பக்கத்து சீட்டு ஆண்ட்டி தள்ளி உக்காந்துட்டாங்க.

நவராத்திரிக்கு மாமியார் வீட்டு கொலுவுல கடைசிப் படியில எனக்கு எடம் ஒதுக்கியிருக்காங்க. எட்டு வெள்ளி பார்பிக்கு பழைய பாவாடை ஓரத்துலேர்ந்து சேலை கட்டி மரப்பாச்சி ஜோடிக்குப் பக்கத்துல நிக்க வச்சேன். மாமி ரொம்ப நேரம் பாத்துட்டு "இடுப்பு இவ்ளோ சின்னதா இருக்கே, புள்ளைக்கு சோறு போட மாட்டாங்களா?"ன்னாங்க.

இவ்ளோ சொல்றேனே, அலமாரில இப்ப எழுபதுக்கு மேல இருக்கு, அதுல ஒண்ணு கூட என் பொம்மை இல்ல. எனக்குன்னு இருந்த பொம்மை தைப்பூசத்துல வாங்கினது. தண்ணீர்மலைக்குப் போற ரோட்டுல, உடைச்ச தேங்கா வழுக்கி வழுக்கி நடக்கணும், ரெண்டு பக்கமும் தண்ணிப் பந்தல், பாட்டுச் சத்தம், பந்தல் முடியிற எடத்துல வரிசையா பொம்மைக் கடை. கெட்டியான ரோஸ் பிளாஸ்டிக் உடம்பு, உள்ள வெறும் காத்து, மஞ்ச ஃபிராக், படுக்க வச்சா கண்ணு மூடும், நிமித்தினா தொறக்கும், கவுத்தா வயித்துக்குள்ளேர்ந்து "ம்மா"ன்னு ஆடு மாதிரி ஒரு சத்தம். கடைக்காரர் அஞ்சு சொன்னாரு, அம்மா மூணுக்கு முடிச்சாங்க. நான் அழுவேன்னு தெரிஞ்சும் ரெண்டு தடவை கடைய விட்டு நடந்தாங்க, அந்த நடை இன்னிக்கும் லோரோங் குலிட்ல எனக்குக் கை குடுக்குது. பேர் கூட வைக்கல அதுக்கு, பாப்பான்னுதான் கூப்பிட்டேன். ஒரு கை முதல்ல போச்சு. ஃபிளாட்டுக்கு வீடு மாறுனப்போ ஒரு குப்பைப் பையோட மீதியும் போச்சு.

அந்தப் பொம்மைதான் எங்க தேடியும் கிடைக்கல. விலை குடுத்து வாங்கினதை பெட்டியில போட்டு வச்சாங்க, அதான் பார்பிங்க தப்பிச்சு வந்திருக்கு. மூணு வெள்ளி பொம்மைய யார் எடுத்து வைப்பா? அதுல கம்பெனி பேர் கூட இருக்காது, ஆன்லைன்ல என்ன வார்த்தை போட்டுத் தேடுறதுன்னே தெரியல. "கண்ணு மூடுற பொம்மை"ன்னு மலாய்ல, இங்கிலீஷ்ல எல்லாம் போட்டுப் பாத்துட்டேன், பேய்ப் பட பொம்மையா வருது.

லோரோங் குலிட்ல ஒரு அங்கிள் இருக்காரு, பழைய வீடு காலி பண்றவங்ககிட்ட மொத்தமா எடுக்குறவரு. ரெண்டு வருஷமா அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், ஃபிராக் கலர் உட்பட. நேத்து ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்ஆப்ல ஒரு ஃபோட்டோ. ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு வீட்ல கிடைச்சுச்சாம். ரோஸ் உடம்பு, ஃபிராக் மஞ்சளா இருந்து வெளுத்த மாதிரி ஒரு கலர், ரெண்டு கையும் இருக்கு, ஒரு கண்ணு தொறந்து ஒரு கண்ணு மூடி, உள்ள இருக்கிற வெயிட்டு துருப்பிடிச்சு நின்னிருக்கும்னு நினைக்கிறேன். எனக்குக் கை நடுங்குது. கீழ "15"னு போட்டிருக்காரு.

நான் என்ன பண்ணேன்னா, பழக்க தோஷம், யோசிக்காம "10 போலே?"ன்னு அனுப்பிட்டேன்.

ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. இப்ப காலைல ஆறு மணி, இன்னும் பதில் வரல, வெளிய மழை வேற, நான் குடையத் தேடிக்கிட்டிருக்கேன்.