ஏ.சி. வாங்குவதற்கு முன் மொட்டை மாடியைப் பாருங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் உறவினர்களும் நண்பர்களும் ஒரு டன் ஏ.சி. போதுமா, ஒன்றரை டன் வேண்டுமா என்று என்னிடம் கேட்கத் தொடங்குவார்கள். உங்கள் மொட்டை மாடித் தளம் எந்த நிலையில் இருக்கிறது என்றுதான் நான் அவர்களைக் கேட்பேன். சொந்த வீடு வைத்திருப்பவர்கள் மின்சாரத்தை மிச்சப்படுத்த நினைத்தால், செலவைத் தொடங்க வேண்டிய இடம் கூரை என்பது என் உறுதியான கருத்து.

சித்திரையை ஒட்டி நண்பகல் சூரியன் தமிழ்நாட்டில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்பதால், சுவர்களைவிடக் கூரைதான் வெயிலை அதிகம் வாங்குகிறது. நான்கைந்து அங்குலக் கனமுள்ள வெறும் கான்கிரீட் தளம் பகல் முழுவதும் அந்த வெப்பத்தைக் குடித்துக்கொண்டு, மாலைக்குப் பிறகு அதை அறைக்குள் இறக்குகிறது. வெளியே காற்று குளிர்ந்த பிறகும் மாடி அறையில் மின்விசிறி அனலாக வீசுவதற்கு இதுவே காரணம். அந்த அறையில் ஏ.சி. பொருத்தினால், அது அறைக் காற்றோடு தலைக்கு மேலுள்ள சூடான தளத்தையும் சேர்த்து இரவெல்லாம் குளிர்விக்க வேண்டியிருக்கிறது.

முந்தைய தலைமுறைக் கொத்தனார்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். மழைநீர் இறங்காமல் காத்த அந்த அடுக்கே வெப்பத்தையும் தடுத்தது. நேரமும் கூலியும் அதிகம் என்பதால் பிற்காலத்தில் பல வீடுகளில் அது கைவிடப்பட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

அதைப் புதிதாகப் போட எல்லோராலும் இயலாது. அதன் எடையைத் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் போடவும் கூடாது. ஆனால் வெண்மை எல்லோருக்கும் எட்டக்கூடியது. முதலில் விரிசல்களை அடைத்து, பாசியைச் சுரண்டிக் கழுவி, தளம் நன்றாக உலர்ந்த பிறகு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை இரண்டு முறை அடிக்க வேண்டும். பணம் குறைவாக இருந்தால் சுண்ணாம்பே போதும், ஆனால் அது மழையில் கரைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கும். கூடுதலாகச் செலவிட முடிந்தவர்கள் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிக்கலாம். எதைச் செய்தாலும் தூசி படிந்து பழுப்பேறினால் பயன் குறையும். அவ்வப்போது கழுவுவதும் வேலையின் ஒரு பகுதிதான். தெலங்கானா அரசு 2023-இல் இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டிருப்பதைப் பார்க்கும்போது, இது ஏழை வீட்டுக்கான தற்காலிக வழி என்ற எண்ணம் தவறு என்பது விளங்கும்.

கூரைக்கு அடுத்தபடியாக மேற்குச் சுவர். மாலை வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேட் மட்டும் அதைத் தடுக்காது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுவது உள்ளே திரை போடுவதைவிட நல்லது, ஏனெனில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தைத் திரையால் வெளியே அனுப்ப முடியாது.

பிறகு மின்விசிறிகள். பழைய விசிறி 75 வாட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும், பி.எல்.டி.சி. எனப்படும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 40 யூனிட் மிச்சமாகும், நான்கு விசிறிகளுக்கு 160 யூனிட். நம் மாநிலத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழுள்ள சில யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடுகிறது. ஆகவே அந்த எல்லையருகே இருக்கும் குடும்பங்களுக்கு இந்த மிச்சம் பெரிய தொகை. பழைய சுவர் ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து நீக்கிவிட்டே இந்த விசிறிகளை மாட்ட வேண்டும் என்பதை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

சூரிய மின்தகடுகளை நான் கடைசியில் வைப்பது அவற்றின் மீது நம்பிக்கை இல்லாததால் அன்று. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. ஒரு கிலோவாட் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். ஆனால் தேவையைக் குறைத்த வீட்டுக்கு 2 கிலோவாட்டே போதுமானதாக இருக்கலாம். தகடுகளைப் பொருத்திய பின் அவற்றின் அடியில் பூச்சு வேலை செய்வதும் கடினம்.

மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். மின்கட்டணத்தைக் குடியிருப்பவரே செலுத்துவதால் கூரையைப் பற்றி நமக்கென்ன என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் தளத்தின் கீழ் உறங்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைச் சரிசெய்யும் உரிமை இல்லை, உங்களுக்கு மட்டுமே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தளம் உலரும் தை, மாசி மாதங்களே பூச்சுக்கு ஏற்றவை. பங்குனிக்குள் முடிந்துவிடும்படி கொத்தனாரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.