ஆறு மலை ஏறியவன்

நூல் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். ஒரு நாளில் நான் ஏறும் உயரம், மாடியில் இருக்கும் கிடங்குக்குப் போகும் 18 படிகள். அப்படிப்பட்டவனைத்தான் பெரியப்பா, "வெள்ளியங்கிரிக்கு வருகிறாயா கண்ணு?" என்று கேட்டார். அவருக்கு வயது 63. கோவைக்குப் பக்கத்தில், உச்சியில் சிவன் இருக்கும் அந்த மலையைப் பதினோரு முறை ஏறியவர். அவர் முன்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

சித்ரா பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருந்தது. பெரியப்பா, மச்சான், நான், மூன்று பேரும் கோவையிலிருந்து பூண்டிக்கு பஸ் பிடித்தோம். அடிவாரத்தில் வனத்துறையினர் பையைச் சோதித்தார்கள். தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். காலி பாட்டிலைக் கீழே கொண்டுவந்து காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். மூங்கில் தடி விற்றுக்கொண்டிருந்தார்கள். "எனக்கு எதற்குங்க பெரியப்பா, வயசானவர்களுக்குத்தானே?" என்றேன். அவர் பதில் பேசாமல் மூன்று தடிகளுக்குக் காசைக் கொடுத்தார்.

இரவு ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கினோம். மொத்தம் ஏழு மலை. ஆனால் ஆளைச் சோதிப்பது முதல் மலைதான். ஒழுங்கில்லாத கருங்கல் படிகள். ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். அரை மணி நேரத்தில் காதுக்குள் இதயம் அடித்தது. 2024இல் இந்த மலையில் மூச்சுத்திணறியும் நெஞ்சு வலித்தும் சிலர் இறந்த செய்தி நினைவுக்கு வந்தது. அதை எதற்குப் படித்தோம் என்று இருந்தது. என்னைவிடத் தடித்த ஒருவர் வெறுங்காலோடு, தோளில் மகனையும் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். வெட்கம் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனது.

மலையில் எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். இறங்கி வருகிறவர்களிடம், "இன்னும் எவ்வளவு தூரம் சாமி?" என்று கேட்டால், "இதோ வந்துவிட்டது சாமி" என்பார்கள். அத்தனையும் பொய். வெள்ளை விநாயகர் கோவில் வருவதற்குள் இந்தப் பொய்யை ஏழெட்டுப் பேரிடம் வாங்கிவிட்டேன்.

அங்கே குடித்த சுக்குக் காபி உயிரைத் திருப்பிக் கொடுத்தது. வழுக்குப்பாறையில் தடி இல்லையென்றால் நான் இல்லை. பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. பாம்பாட்டிச் சுனையில் முகம் கழுவினேன். கைதட்டிச் சுனை, ஒட்டர் சமாதி எல்லாம் டார்ச் வெளிச்சத்தில் அரைத் தூக்கமாகக் கடந்து போயின. ஐந்தாவது மலையில் மரங்கள் குறைந்து புல்வெளி வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. ஏப்ரல் மாதத்து ஈரோட்டிலிருந்து வந்தவன் பல் கிட்டிப்போய் நின்றேன். கம்பளியை மச்சான் மட்டும்தான் கொண்டுவந்திருந்தான்.

ஆறாவது மலை இறக்கம். மகிழ்ச்சியோடு இறங்கினேன். திரும்பும்போது இதே வழியில் ஏற வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை. ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஏழாவது மலைக்குப் போவது வழக்கம். பனிக்கட்டித் தண்ணீரில் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தேன், வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பெரியப்பா தேய்த்துவிட்டார். எழுந்தால் மறுபடியும் பிடித்தது. எதிரே செங்குத்தாக ஏழாவது மலை, அதில் விளக்குகள் எறும்பு வரிசை போல ஊர்ந்துகொண்டிருந்தன.

"நீ இங்கேயே உட்கார் கண்ணு. சாமி எங்கேயும் ஓடிப்போய்விடாது" என்றார் பெரியப்பா. மச்சானின் கம்பளி எனக்கு வந்தது, கூடவே எல்லோருடைய பைகளும் செருப்புகளும். அறிமுகமில்லாத நாலைந்து பேரும், "சாமி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தங்கள் செருப்புகளை விட்டுப் போனார்கள். பொழுது விடியும்வரை நான் செருப்புக் காவலன். எட்டிப் பார்க்காத சாமிமேல் எனக்கு வருத்தமில்லை. பசிதான் பெரிதாக இருந்தது.

திரும்பி வந்த பெரியப்பா என் நெற்றியில் திருநீறு பூசினார். மேலிருந்து சிறுவாணி அணை தெரிந்ததாம். அதை மச்சான் கீழே வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

இறக்கத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. முதல் மலைப் படிகளில் தொடை நடுங்கியது. கடைசியில் தடியை ஊன்றிப் பக்கவாட்டில் நண்டு போல இறங்கினேன். நான்கு நாள் கடை நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் முனகினேன்.

பாட்டிலுக்குக் கொடுத்த 20 ரூபாயை வாங்க மறந்துவிட்டேன். தடியைப் பூஜை அறையில் வைக்க வேண்டும் என்றார் பெரியப்பா. ஏழாவது மலை பார்க்காத தடிக்கு அந்த இடம் கிடையாது என்று மச்சான் தீர்ப்புச் சொன்னான். இப்போது என் மனைவி அதில் முருங்கைக்காய் பறிக்கிறாள்.