பாயிண்ட் கணக்கும் ஏலக்காய்ப் பருவமும்

மார்ச் மாதம் போடிநாயக்கனூரில் ஆடிட்டர் அலுவலகங்களில் விளக்கு அணைய இரவு பதினொன்று ஆகிவிடும். ஏலக்காய்க் கமிஷன் கடை, தோட்டக் கணக்கு, மளிகை மொத்த வியாபாரம் எல்லாவற்றின் வங்கி ஸ்டேட்மென்ட்டும் வரி வரியாக டிக் அடிக்கப்படும் மாதம் அது. மாதாமாதம் 5ஆம் தேதி ஒரே தொகை ஏசிஹெச் டெபிட்டாக, அதாவது வங்கி தானாகப் பிடிக்கும் தவணையாக, போய்க்கொண்டிருக்கும். கடன் பட்டியலில் அப்படி ஒரு கடன் இருக்காது, எல்.ஐ.சி. பிரீமியமாகவும் இருக்காது. கேட்டால், "அது லீவுக்கு ரூம் எடுக்குற மெம்பர்ஷிப் சார், அதையும் கடைச் செலவுலயே எழுதிருங்க" என்று பதில் வரும்.

அப்படி எழுத முடியாது. குடும்பத்தோடு போய்த் தங்கும் செலவு சொந்தச் செலவுதான், வியாபாரச் செலவில் சேராது. அதற்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்து, கடை கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளவும் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு விடாது. விற்கும்போது "பிசினஸ் ஆளுங்களுக்கு டாக்ஸ் பெனிஃபிட் உண்டு" என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறு. காகிதம் ஆடிட்டர்களான எங்கள் மேஜைக்கு வரும்போது பெரும்பாலும் கையெழுத்தாகி ஆறு மாதமோ ஒரு வருஷமோ கடந்திருக்கும். கையெழுத்துக்கு முன்னால் வந்திருந்தால் எதைப் பார்த்திருப்போம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

இந்த மெம்பர்ஷிப்புகள் விற்கப்படும் பாயிண்ட் முறை புதிதாக வந்ததல்ல. சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் 1963இல் தொடங்கியது. டிஸ்னி நிறுவனம் 1991இல் பாயிண்ட் அடிப்படையில் விடுமுறைக் கிளப்பைத் திறந்தது. பழைய டைம்ஷேரில் வருஷத்தில் இந்த வாரம், இந்த அளவு அறை என்று எழுதிக் கொடுப்பார்கள். பாயிண்ட் முறையில் வாரம் கிடையாது. வருஷம் பிறந்தால் உங்கள் கணக்கில் இத்தனை பாயிண்ட் விழும். எந்த ஊர், எந்த மாதம், வார நாளா வெள்ளி சனியா, ஸ்டூடியோவா படுக்கையறையோடு கூடிய வீடா என்பதைப் பொறுத்து ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கழியும். எத்தனை பாயிண்ட் கழியும் என்று சொல்லும் அட்டவணையை எழுதுவது நிறுவனம். அதைத் திருத்தும் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டும். நீங்கள் வாங்கிய பாயிண்ட் அப்படியே இருக்க, ஓர் இரவின் விலை ஏறினால் உங்கள் கையில் இருப்பது தானாகக் குறைந்துவிடும்.

கணக்குப் புரிவதற்காக ஒரு மாதிரி அட்டவணை போடுவோம். எண்கள் எங்களுடையவை. உங்கள் நிறுவனத்தின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். வருஷத்துக்கு 10,000 பாயிண்ட். மழைக்காலத்தில் ஸ்டூடியோ அறைக்கு வார நாள் 700, வெள்ளி சனி 1,000. மே மாதத்தில் வார நாள் 1,600, வெள்ளி சனி 2,200. மழைக்காலத்தில் ஒரு முழு வாரத்துக்கு 5,500 கழியும். மீதி 4,500இல் இன்னும் ஐந்து வார நாளும் ஒரு வெள்ளி இரவும் கிடைக்கும். மொத்தம் 13 இரவு. விற்பனை மேஜையில் பெரிய எழுத்தில் காட்டப்படும் எண் இதுதான். மே மாதத்தில் ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து இரவுக்கே 8,000 போய்விடும். வெள்ளி இரவும் தங்கலாம் என்றால் 200 பாயிண்ட் குறையும். அந்த 200ஐக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

ஸ்டூடியோ என்பது பொதுவாக இரண்டு பெரியவர், இரண்டு சிறு பிள்ளைகளுக்கு. நம் பக்கத்தில் வண்டி எடுத்தால் அப்பத்தா, அத்தை, அத்தை பிள்ளைகள் என்று எட்டுப் பேர் ஏறாமல் வண்டி புறப்படாது. இரண்டு ஸ்டூடியோ, மே மாதம், மூன்று வார நாள் என்றால் 9,600 பாயிண்ட். அந்த வருஷத்துக் கணக்கு அதோடு முடிந்தது. 13 இரவு என்று கேட்டு வாங்கியது மூன்று இரவாகிவிட்டது. நிறுவனம் பொய் சொல்லவில்லை, அட்டவணையில் எல்லாம் இருக்கிறது. யாருடைய காலண்டரை வைத்து 13 என்று சொன்னார்கள் என்பதைத்தான் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

இந்தக் காலண்டர் விஷயத்தில் எங்கள் எல்லைப் பகுதிக்கு இருக்கும் சிக்கல் சென்னைக்காரருக்கு இல்லை. தோட்டம் மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்தில், வீடும் கடையும் பள்ளிக்கூடமும் கீழே போடியிலும் கம்பத்திலும். ஆடியில் தொடங்கும் காய் எடுப்பு தை மாதம் வரை சுற்றுச் சுற்றாகப் போகும். ஸ்டோரில் காய் உலர்ந்துகொண்டிருக்கும் நாளில் தோட்டக்காரர் கோவாவுக்குப் போக மாட்டார். காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை இரண்டும் பறிப்புக்கு நடுவில் விழுகின்றன. பிள்ளைகளுக்கும் லீவு, தோட்டத்திலும் கொஞ்சம் மூச்சு விடலாம் என்ற நாள் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிவதற்குள்தான். அதிலும் மழைக்கு முன் நிழல் மரக் கிளைகளைக் கழிக்கும் கவாத்து வேலை வந்து நிற்கும். அட்டவணையில் அதிகம் கழியும் நாட்களும் இவைதான்.

இன்னொன்று தூரம். சின்னக்கானலிலும் மூணாறிலும் தேக்கடியிலும் விடுமுறை விடுதிகள் நிறைய இருக்கின்றன, படத்தில் முதலில் காட்டப்படுவதும் அந்தத் தேயிலைச் சரிவுகள்தான். போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளை ஏறி மூணாறு போக நமக்கு 70 கிலோமீட்டர்தான். கம்பத்திலிருந்து குமுளி 25 கிலோமீட்டர் அளவில். காலையில் போய் இரவு வீட்டுக்கு வந்து சாப்பிடும் ஊருக்கு எதற்குப் பாயிண்ட் செலவழிக்க வேண்டும்? நமக்குப் பயன்படுவது கூர்க், கோவா, ராஜஸ்தான். அங்கே போக எட்டுப் பேருக்கு ரயில் அல்லது விமானக் கட்டணம் தனி. அந்த எண் விற்பனைத் தாளில் வராது.

விற்பனை நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ நிரப்பிப் போட்ட கூப்பனுக்குப் போன் வரும். பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பார்கள். இருவரும் என்பதற்குக் காரணம் உண்டு. "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பதுதான் நம் ஊரில் மரியாதையாக எழுந்து வரும் வழி. அந்த வழியை அடைத்த பிறகே பேச்சு தொடங்குகிறது. ஒன்றரை மணி நேரம் என்று சொன்னது மூன்று மணி நேரமாக நீளும். முதல் விலை, பிறகு மேலாளர் வந்து குறைக்கும் விலை, இன்றைக்கு மட்டும் என்று ஒரு விலை. பக்கத்து மேஜையில் யாராவது கையெழுத்துப் போட்டால் கைதட்டல். கார்டில் ஒரு பகுதி முன்பணம், மீதிக்கு மாதத் தவணை.

இப்படிக் கையெழுத்துப் போடும் நம் வியாபாரிகள் ஏலக்காய் ஏல மையத்தில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத்தான் இதன் வருத்தம் புரியும். மாதிரிக் காய் தட்டுக்கு வந்தால் உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, 8 மில்லிமீட்டர் இருக்குமா என்று விரலால் உருட்டி, இரண்டு காயை நகத்தால் பிளந்து விதை கறுப்பா பழுப்பா என்று பார்த்து, ஒன்றை வாயில் போட்டு மென்ற பிறகே விலை கேட்பார்கள். அன்றைக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த ஏலம் இருக்கிறது. அந்தக் கை, 25 வருஷ ஒப்பந்தத்தில் பின்பக்கத்தைத் திருப்பாமல் கையெழுத்துப் போடுகிறது. மாதிரியைக் கேளுங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. முழு அட்டவணை, முழு விதிமுறை, கடந்த ஐந்து வருஷப் பராமரிப்புக் கட்டணம் மூன்றையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். கையெழுத்துக்குப் பிறகுதான் தருவோம் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இனிப் பணக் கணக்கு. உறுப்பினர் கட்டணம் 4 லட்சம் என்று வையுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,72,000. இதை 25ஆல் வகுத்து வருஷத்துக்கு 18,880தான் என்று மேஜையில் காட்டுவார்கள். அந்தப் பணம் 7 சதவீத வட்டியில் இருந்திருந்தால், 25 வருஷம் முதலும் வட்டியும் சேர்த்து ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய 40,500 எடுத்துக்கொண்டே வந்திருக்கலாம். உண்மையான வருஷச் செலவு அதுதான். இதன்மேல் வருஷப் பராமரிப்பு. 20,000, வரியோடு 23,600. முதல் வருஷம் மட்டும் 64,100 ஆகிவிட்டது. 13 இரவும் தங்கினால் இரவுக்கு 4,930. மே மாதம் இரண்டு அறை, மூன்று இரவு என்றால் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10,680. சாப்பாடு இதில் இல்லை. அதே ஊரில், அதே தேதியில் நல்ல ஓட்டல் அறை என்ன விலை என்று போனில் பார்த்துப் பக்கத்தில் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்புக் கட்டணம் வருஷம் 6 சதவீதம் ஏறினால் 25 வருஷத்தில் மொத்தம் கட்டியது 12.9 லட்சத்தைத் தாண்டும். வாங்கும் விலையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். ஆனால் மேஜையில் பேரம் முழுக்க அந்த 4 லட்சத்தைச் சுற்றியே நடக்கிறது. போகாத வருஷத்திலும் பராமரிப்பு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பாயிண்ட் இருந்தும் அறை பதிவாகாது, பாக்கிக்கு வட்டியும் ஓடும். ஏற்றத்துக்கு உச்சவரம்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உச்சவரம்பு இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பயன்படுத்தாத பாயிண்ட் எத்தனை வருஷம் நிற்கும், எத்தனை நாள் முன்னால் பதிவு திறக்கும், அதிக விலைத் திட்டக்காரருக்கு முன்கூட்டியே திறக்குமா என்று பாருங்கள். பின்னால் திறக்கும் திட்டம் உங்களுடையதானால் மே மாத அறை உங்களுக்கு எட்டாது. இது சொத்து அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். நம் நாட்டில் பெரும்பாலும் விற்பது தங்கும் உரிமையைத்தான். பத்திரப் பதிவு கிடையாது, வங்கியில் வைத்துக் கடன் வாங்க முடியாது. சில ஒப்பந்தங்களில் மொத்தத் தொகையைச் சேர்க்கைக் கட்டணம், பயன்பாட்டுக் கட்டணம் என்று இரண்டாகப் பிரித்து, முதல் பங்கைத் திருப்பித் தரமாட்டோம் என்று எழுதியிருக்கும். பாதியில் விலகும்போதுதான் அந்தப் பிரிப்பின் அர்த்தம் தெரியும்.

தங்காவிட்டால் முதிர்வில் பணம் கூடுதலாகத் திரும்ப வரும் என்று யாராவது சொன்னால் அது விடுமுறைத் திட்டமே அல்ல, முதலீட்டுத் திட்டம். அதற்குப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பதிவு வேண்டும். அறை இரவுகளை விற்று, தங்காதவர்களுக்கு சரண்டர் தொகை தருவதாகச் சொன்ன பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம் பதிவில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் நடத்தியதாக செபி முடிவு செய்து, 2016இல் பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. தொகை 7,000 கோடிக்கு மேல்.

யாருக்கு இது பொருந்தும் என்றால், ஓய்வு பெற்ற கணவன் மனைவிக்கு. செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போய்த் திங்கட்கிழமை திரும்ப முடியும், மழைக்காலம் அவர்களுக்குத் தொந்தரவு இல்லை, ஓர் அறை போதும். அந்த 13 இரவும் அவர்களுக்கு நிஜமாகவே கிடைக்கும். 62 வயதில் 25 வருஷம் வேண்டாம், 10 வருஷத் திட்டம் பார்க்கலாம். அதைவிட நல்லது, பழைய உறுப்பினரிடமிருந்து குறைந்த விலைக்கு மாற்றி வாங்குவது. பாக்கி இல்லை என்ற கடிதமும், மாற்றிய பிறகு பாயிண்ட் சலுகை குறையாது என்ற உறுதியும் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது, மனசு கேட்கவில்லை என்றால் அன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமே 14 நாள் தருகிறது, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 10 நாள். இங்கே டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருக்கிறதோ அதுதான். அந்த நாள் பணம் கட்டிய தேதியிலிருந்து ஓடுகிறதா, உறுப்பினர் அட்டை வந்த தேதியிலிருந்தா என்று பாருங்கள். விற்றவருக்குப் போன் செய்தால் "நான் பாத்துக்கிறேன் சார், ஒரு வாரம் டைம் குடுங்க" என்பார். அந்த ஒரு வாரத்தில் கெடு முடிந்துவிடும். விண்ணப்ப எண், தேதி, கட்டிய தொகை, ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரவும் என்று நான்கு வரி. அதை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதன் நகலோடு வங்கிக்குப் போய்த் தவணை மேண்டேட்டை, அதாவது தவணை பிடிக்க நீங்கள் கொடுத்த அனுமதியை, நிறுத்தச் சொல்லுங்கள். கடிதம் கொடுக்காமல் கணக்கைக் காலியாக வைத்துத் தவணையைத் திரும்ப விடாதீர்கள். பணமில்லாமல் திரும்பும் மின்னணுத் தவணைக்கு 2007ஆம் ஆண்டு பணப்பட்டுவாடாச் சட்டத்தின் 25ஆம் பிரிவு செக் பவுன்ஸ் போலவே வழக்குப் போட இடம் தருகிறது. தவணை ஒரு வங்கிக் கடனாகப் போடப்பட்டிருந்தால், உறுப்பினர் பதவி ரத்தானதால் மட்டும் கடன் ரத்தாகாது. வங்கிக்கும் தனியாக எழுத வேண்டும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். மும்பை நீதிமன்றம்தான், நடுவர் மூலம்தான் என்று ஒப்பந்தத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பலர் இங்கேயே ஓய்ந்துவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். போடிக்காரருக்குத் தேனி ஆணையம் போதும். நடுவர் விதி நுகர்வோர் வழக்கைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இதற்கெல்லாம் நடுவில் இன்னொரு போன் வரும். "உங்க மெம்பர்ஷிப்ப வாங்க ஆள் ரெடி, ஜி.எஸ்.டி.க்கு மட்டும் முன்னாடி 15,000 போடுங்க" என்று. விற்பவர் முன்பணம் கட்டும் வியாபாரம் எந்தச் சந்தையிலும் இல்லை. அந்த எண்ணுக்குப் பணம் போடாதீர்கள். போட்டுவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.