அம்மாவின் ரேகையும் ஐரோப்பாவின் எல்லையும்

சென்னையிலிருந்து வியன்னாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தாலும், எங்களை ஐரோப்பாவுக்குள் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்த இடம் வியன்னா இல்லை. நடுவில் விமானம் மாறிய ஊர்தான். ஒரே விசாவில், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர விடும் ஐரோப்பிய நாடுகளை ஷெங்கன் நாடுகள் என்பார்கள். அவற்றில் முதலில் எங்கே இறங்குகிறோமோ அங்கேயே இமிகிரேஷன் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஏறும் விமானம், சென்னையிலிருந்து மதுரைக்குப் போவதுபோல உள்ளூர்க் கணக்கில் சேர்ந்துவிடும். இதை அறியாமல் இரண்டு விமானங்களுக்கும் இடையில் ஒன்றேகால் மணி நேரம் மட்டும் விட்டு டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. நான் மூன்று மணி நேரம் விட்டிருந்தேன். 2025 டிசம்பர் முதல் வாரத்தில், 68 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு போன அந்தப் பயணத்தில், அதில் பாதிக்கு மேல் வரிசையிலேயே கரைந்தது. எந்த விமான நிலையம் என்பது இங்கே வேண்டாம்.

வரிசை நீண்டதற்குக் காரணம், 2025 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்த புதிய நுழைவு, வெளியேற்றப் பதிவு முறை. இ.இ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அயர்லாந்து, சைப்ரஸ் நீங்கலாக ஐரோப்பிய ஒன்றியத்தின் 25 நாடுகளும், அவற்றோடு நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய நான்கும் சேர்ந்து மொத்தம் 29 நாடுகள் இதில் அடக்கம். குறுகிய காலத்துக்கு வந்துபோகும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரின் பெயர், பாஸ்போர்ட் விவரம், முகப்படம், கைரேகை, உள்ளே வந்த நாள், இடம், வெளியே போன நாள், இடம் எல்லாம் ஒரே கணினித் தொகுப்பில் ஏறும். இதற்கான சட்டம் 2017-லேயே நிறைவேறிவிட்டது. தேதியைத் தள்ளித் தள்ளி வைத்து, எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்கினார்கள். ஒரே நாளில் எல்லா இடத்திலும் தொடங்காமல், 2026 ஏப்ரல் 10-க்குள் படிப்படியாக எல்லா எல்லைகளுக்கும் கொண்டுவருவது என்று ஏற்பாடு. ஆகவே நாங்கள் போன நேரம் இரண்டுங்கெட்டான் நேரம்: இயந்திரமும் உண்டு, பழைய மை முத்திரையும் உண்டு.

எங்களுக்குப் பின்னால் ஓர் அமெரிக்கப் பெண்மணி நின்றிருந்தார். விசா தேவைப்படாத நாட்டவர் என்பதால் இதுவரை பாஸ்போர்ட்டை நீட்டி, முத்திரை வாங்கி, இரண்டு நிமிடத்தில் போயிருக்கக்கூடியவர். இந்த முறை வலக்கையின் நான்கு விரல்களையும் பதிய வேண்டும் என்று அறிந்ததும், “குற்றவாளியைப்போல நடத்துகிறார்களே” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய நாடு 2004 முதல் வந்திறங்கும் வெளிநாட்டவரின் ரேகையை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. நீண்ட பயணத்தின் களைப்பில் இருப்பவரிடம் எதற்கு என்று விழுங்கிக்கொண்டேன்.

உண்மையில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதிதான் புதிது. 2015 நவம்பரிலிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும் இந்தியர்கள் பத்து விரல் ரேகையையும் புகைப்படத்தையும் கொடுத்துவருகிறார்கள். அந்த ரேகை விசாத் தகவல் தொகுப்பில் ஏற்கெனவே இருப்பதால், புதிய முறை அதை மறுபடியும் சேமிப்பதில்லை. எல்லையில் முகத்தை மட்டும் புதிதாகப் படம் எடுத்துக்கொண்டு, விரலைப் பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒருமுறை கொடுத்த ரேகையை 59 மாதங்கள் வரை அடுத்தடுத்த விசாக்களுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். நான் 2018-இல் கொடுத்தது காலாவதியாகிவிட்டதால், இந்த முறை அம்மாவோடு சேர்ந்து நானும் விசா மையத்தில் புதிதாகப் பதிந்தேன். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் ரேகை கேட்பதில்லை, முகம் மட்டும் போதும். ஜெர்மனியில் வேலை செய்துகொண்டு அங்கே வசிப்பு அனுமதி அட்டை வைத்திருக்கும் என் அத்தை மகனைப் போன்றவர்களுக்கு இந்தப் பதிவே கிடையாது.

இயந்திரம் இடுப்புயர மேடையும் அதன்மேல் திரையுமாக நின்றிருந்தது. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்ததும், கேமரா தானாகவே ஏறி இறங்கி முகத்தின் உயரத்துக்கு வந்து நின்றது. அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றியதும் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. தங்குவதற்கு இடம் இருக்கிறதா, செலவுக்குப் பணம் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு நானே ‘ஆம்’ என்று தொட்டேன்.

அடுத்து அதிகாரியின் கூண்டு. பச்சை விளக்கு எரியும் சிறிய கண்ணாடிமேல் அம்மா நான்கு விரல்களையும் வைத்தார். விளக்கு சிவப்பானது. மறுபடி வைத்தார்; மறுபடியும் சிவப்பு. அதிகாரி ஒரு காகிதக் கைத்துடைப்பானை நீட்டிக் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார், பிறகு விரல்களை அழுத்தச் சொன்னார். நாற்பத்தைந்து ஆண்டுகள் பாத்திரம் துலக்கி, புளி கரைத்துத் தேய்ந்த விரல்கள். போதாக்குறைக்கு விமானத்தின் வறண்ட காற்றில் நுனித்தோல் வெள்ளை பூத்திருந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, “ஏம்ப்பா, நம்ம ரேஷன் கடையிலேயே விழாத ரேகை, இங்க மட்டும் விழுந்துடுமா?” என்றார். நான்காம் முறையும் விழவில்லை. அதிகாரி முகத்தை ஒப்பிட்டு, ஓட்டல் முன்பதிவைப் பார்த்து, திரும்பும் தேதியைக் கேட்டு, கடைசியில் முத்திரை குத்தினார். ரேகை பொருந்தாததாலேயே யாரையும் திருப்பி அனுப்பிவிடுவதில்லை. கொடுக்கவே மாட்டேன் என்று மறுப்பவருக்குத்தான் அனுமதி இல்லை. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள், இறங்குவதற்கு அரை மணி முன்பு அவர்கள் கையில் கொஞ்சம் கிரீம் தடவி, நன்றாக ஊறியபின் துடைத்துவிடுவது நல்லது.

அந்த முத்திரையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. ஷெங்கன் முத்திரையின் இடது மூலையில் நட்சத்திர வட்டத்துக்குள் நாட்டின் எழுத்து, வலது மூலையில் விமானமோ ரயிலோ கப்பலோ, வந்த வழிக்கான சின்னம், நடுவில் தேதி, உள்ளே வந்ததா வெளியே போனதா என்று காட்டும் ஓர் அம்புக்குறி. நுழைவு முத்திரைக்கு மூலைகள் கூராக இருக்கும், வெளியேறும் முத்திரைக்கு வளைந்திருக்கும். புதிய பதிவு முறை முழுமையடைந்ததும் இந்த முத்திரை பாஸ்போர்ட்டில் விழாது. அமெரிக்கருக்கு அது நினைவுப்பொருள்; எங்களுக்கு அது சான்று. முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டு விசா தரலாம் என்று 2024 ஏப்ரலில் விதி தளர்ந்தபோது, அந்த ஒழுங்குக்கு நாங்கள் காட்டக்கூடிய ஆதாரமாக இருந்தவை இந்த மைக்கறைகள்தான். இங்கிலாந்துக்கோ கனடாவுக்கோ விண்ணப்பிக்கும்போதும் முத்திரைப் பக்கங்களை நகலெடுத்து இணைப்பவர்கள் நாம். இனி அந்த வரலாறு அவர்களுடைய கணினியில் இருக்கும், நம் கையில் இருக்காது. ஆகவே போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு நான் மாறிவிட்டேன்.

நாள் கணக்கு விஷயத்தில் மட்டும் இயந்திரம் நல்லதே செய்கிறது என்பேன். எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் 90 நாளுக்குமேல் தங்கக் கூடாது என்பது பொதுவிதி. வந்த நாளும் போகும் நாளும் கணக்கில் சேரும். முன்பு அதிகாரி பக்கங்களைப் புரட்டி, மங்கிய தேதிகளைக் கூட்டிக் கழிக்க வேண்டும். இப்போது அது தானாக நடக்கிறது. ஆனால் நம்மவர்கள் தவறுவது வேறோர் இடத்தில். எங்கள் விசாவில் ‘முதல் தேதி’, ‘கடைசித் தேதி’ என்ற இரண்டுக்கும் இடையில் 30 நாள் இருந்தது; தங்கும் கால அளவாக அச்சாகியிருந்ததோ 15 நாள். கடைசித் தேதி வரை தங்கலாம் என்று நினைத்து 16-ஆம் நாள் கிளம்பினால், இனிக் கண்ணில் படாமல் தப்ப வழியில்லை. பதிவுகள் கடைசியாக வெளியேறிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் இருக்கும். வெளியேறியதாகப் பதிவே இல்லையென்றால் 5 ஆண்டுகள்.

வியன்னாவிலிருந்து செக் நாட்டின் பிராகுக்கு ரயிலில் நான்கு மணி நேரம். பிர்ஜெட்ஸ்லாவ் நிலையத்தில் நாடு மாறுகிறது. டிக்கெட் பரிசோதகர் மாறியதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. அம்மாவுக்கு அதுதான் பெரிய வியப்பு.

பிராக் விமான நிலையத்தில் திரும்பும் நாளன்று அம்மா தயாராக இருந்தார். ஓட்டலில் வைத்திருந்த சிறிய கிரீம் குப்பியைப் பத்து நாளாகக் காலையும் மாலையும் தடவியிருந்தார். கூண்டின் முன் போனதும், கேட்பதற்கு முன்பே வலக்கையை விரித்து நீட்டினார். இளம் அதிகாரி சிரித்துத் தலையசைத்து, கேமராவை மட்டும் பார்க்கச் சொல்லி, முகம் பொருந்தியதும் வளைந்த மூலை முத்திரையைத் தலைகீழாகக் குத்தி பாஸ்போர்ட்டைத் தள்ளினார். அம்மா நகரவில்லை. விரல்கள் இன்னும் விரிந்தபடியே இருந்தன.

“கேக்கவே இல்லையேப்பா” என்றார்.