ஈரத் துண்டு

உச்சிக்கு இன்னும் நாலே வளைவு. லாரி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது.

சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். பெட்ரோல் பம்ப்பில் கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சூடு. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும், பம்ப் அந்த ஆவியைத்தான் வெறுமனே இழுத்துக்கொண்டிருக்கும். பழைய கார்புரேட்டர் வண்டிகளின் பரம்பரை வியாதி.

துண்டை நனைத்து பம்ப்பைச் சுற்றிக் கட்டினேன். உஸ்ஸ் என்றது. காய்ச்சல்காரன் நெற்றியில் பற்றுப் போட்ட மாதிரி.

அப்புறம் வேலையே இல்லை. துண்டிலிருந்து எழுந்த ஆவி கொஞ்சம் கொஞ்சமாக மெலிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜின் ஆறும்போது டிக்... டிக்... என்று இரும்பு சுருங்கும் சத்தம் வருமே, கணவாய் முழுக்க அது ஒன்றுதான்.

தனியாகப் போகாதே என்றார்கள். தப்பே இல்லை, சரியான புத்திமதிதான்.

ஆனால் பக்கத்தில் ஒருத்தர் இருந்திருந்தால் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை "இப்போ ஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்றிருப்பார். நானும் ரோஷப்பட்டு பேட்டரியைத் தீர்த்திருப்பேன். எத்தனையோ விஷயங்களை ஆறவிடாமலேதான் கெடுத்திருக்கிறேன், வண்டி மட்டுமா?

துண்டு காய்ந்த பிறகு சாவியைத் திருப்பினேன். இரண்டாவது தடவையில் பிடித்துக்கொண்டது.

துண்டை அவிழ்க்கவில்லை. இன்னொரு தடவை நனைத்துவிட்டு, முதல் கியரில் மெல்ல உருட்டினேன்.