தரங்கம்பாடி நுழைவாயில்

1792இல் கட்டிய நுழைவாயில் வழியாக ஒரு மீன்கார அம்மா இன்று மொபெட்டில் போனார். பின்னால் அலுமினியக் கூடை, நீர் சொட்டிக்கொண்டே.

தலைக்கு மேலே டென்மார்க் அரச முத்திரை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தினமும் போகிற வழிதானே.

1620இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி வந்த டேனியர், 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இடையில், 1715இல், புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது இங்கேதான்.

அவர்களுக்கு முன்பே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் கடலோரம் நின்றது. அதன் முன்பகுதியை அலை தின்றுவிட்டது.

இதை 'டேனிஷ் ஊர்' என்று மட்டும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. 2004 ஆழிப்பேரலையில் அவ்வளவு இழந்தும் மறுபடி கடலுக்குப் போன மீனவர்களின் ஊர் இது.

வந்தால் டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். மீனவர் தெருவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.